நிறைசூல் ஒட்டகமும் நம் அளவுகோலும்

தொல்காப்பியத்து மரபியலைப் பயின்ற மாணவர் ஒவ்வொருவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. யானையிற் பெண்ணைப் பிடி என்றும், மானிற் பெண்ணைப் பிணை என்றும், குரங்கிற் பெண்ணை மந்தி என்றும் வழங்குதலே மரபு. ஒன்றற்குரிய பெயரை மற்றொன்றற்கு ஏற்றிக் கூறின் அது வழுவாம். ஒட்டகத்தையும் ஆசிரியர் மறந்தாரல்லர். குதிரை, கழுதை முதலியவற்றோடு சேர்த்து அதன் பெண்ணுக்குப் பெட்டை என்னும் பெயரையும், அதன் இளமைக்குக் கன்று என்னும் பெயரையும் வகுத்துள்ளார். இந்நூற்பாக்களைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்யும்பொழுது, இவை வெறும் பெயர்ப்பட்டியல் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆயின் இவற்றினுள்ளே ஒரு கொள்கை அடங்கிக் கிடக்கின்றது. ஓர் உயிரை அதற்கே உரிய சொல்லாற் கூறுக என்பதே அக்கொள்கை.

அது சொல்லுக்கு மட்டுமன்றி எண்ணுக்கும் உரியது என்பதையே இக்கட்டுரையில் யான் வற்புறுத்த விரும்புகின்றேன். ஈனும் பருவத்தை நெருங்கிய ஒட்டகப் பெட்டையின் குருதியை ஆய்ந்து அதன் நலமும் தீங்கும் கூறப் புகுவோர், பசுவின் அளவுகோலைக் கொண்டு அதனை அளத்தலும் தவறு. சூல் இல்லாத ஒட்டகத்தின் அளவுகோலைக் கொண்டு அளத்தலும் தவறு. நிறைசூல் ஒட்டகத்திற்கு நிறைசூல் ஒட்டகமே அளவாகும். இது மிக எளிய உண்மை போலத் தோன்றும். ஆயினும் இதனைக் கைக்கொள்ளாமையால் மந்தைக்கும் மேய்ப்பனுக்கும் வரும் இழப்பு சிறிதன்று.

முதற்கண் அவ்விலங்கின் சூலைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். பசு ஒன்பது திங்களிற் கன்றீனும். எருமை பத்துத் திங்களில் ஈனும். ஒற்றைத் திமில் ஒட்டகமோ ஏறத்தாழ பதின்மூன்று திங்கள் சுமக்கின்றது. அதன் சூல் ஏறக்குறைய எப்பொழுதும் கருப்பையின் இடக்கிளையிலேயே தங்குவது இயற்கையின் ஒரு புதுமை. ஒருமுறைக்கு ஒரு கன்றே பிறக்கும். இரட்டைக் கன்றுகள் உயிரோடு பிறத்தல் மிக அரிது. நாலைந்து ஆண்டு வளர்ந்த பின்னரே பெட்டை முதற்கன்றை ஈனும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்று என்பதே பெரும்பான்மை வழக்கு. ஆதலின் ஒரு கன்று கருவிலோ, பிறந்த சில நாளிலோ இறந்துபடின், அவ்விழப்பை ஈடுசெய்ய மேய்ப்பன் மேலும் இரண்டாண்டு காத்திருத்தல் வேண்டும். ஆட்டு மந்தையில் நேரும் இழப்பிற்கும் ஒட்டக மந்தையில் நேரும் இழப்பிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இப்பதின்மூன்று திங்களுள் கன்றின் உடல் பெரும்பான்மையும் வளர்வது பிற்பகுதியிலேயாம். பிறக்கும்போது முப்பது முதல் நாற்பது கிலோகிராம் எடை உள்ள அவ்வுடலுக்கு வேண்டிய பொருளெல்லாம் தாயின் குருதி வழியாகவே செல்லுதல் வேண்டும். கன்றின் வெப்பத்திற்கும் வளர்ச்சிக்கும் சர்க்கரை, தசைக்குப் புரதம், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும், குருதிக்கு இரும்பும் செம்பும். இவற்றைத் தாய் தன் உணவிலிருந்து கொடுக்கும். உணவு போதாதவிடத்துத் தன் எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும். எலும்பு முற்றும் காலத்தில் தாயின் குருதியிற் சுண்ணாம்பும் பாஸ்பரசும் தாழ்வது இதனாலேயே. ஈனுவதற்கு முந்திய வாரங்களில் மற்றொரு மாற்றமும் நிகழ்கின்றது. ஒட்டகத்தின் நஞ்சுக்கொடி, நோயை எதிர்க்கும் பொருள்களைக் கன்றினிடம் செல்லவிடாது தடுக்கும் அமைப்புடையது. ஆதலின் தாய் அவற்றைத் தன் குருதியினின்று மடிக்கு அனுப்பிச் சீம்பாலிற் சேர்த்து வைக்கின்றது. பிறந்த கன்று முதல் நாளிற் குடிக்கும் சீம்பாலே அதற்குக் கவசம். மேய்ச்சற் குலத்தார் சிலரிடையே சீம்பால் கன்றுக்கு ஆகாது என்று கருதி அதனைக் கறந்து கொட்டும் வழக்கம் உண்டு. தாய் பல வாரம் சேர்த்த பொருள் ஒரு பொழுதில் மண்ணிற் போவதை எண்ணுந்தோறும் மனம் வருந்துகின்றது.

இனி, பசுவின் அளவுகோல் ஏன் ஆகாது என்பதைக் காண்போம். ஒட்டகம் அசைபோடும் விலங்கேயாயினும் பசுவின் இனத்ததன்று. அதன் வயிறு நான்கறை உடையதன்றி மூன்றறையாகவே எண்ணப்படுகின்றது. அதன் குருதிச் சிவப்பணுக்கள் வட்டமாக இராது நீள்வட்டமாக உள்ளன. நீர் வேட்கை தீர ஒரேமுறையில் நூறு லிட்டருக்கு மேற் குடிப்பினும் அவ்வணுக்கள் உப்பி வெடிப்பதில்லை. 1993ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் ரேமண்ட் ஹாமர்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும், வேறு பாலூட்டிகளிற் காணாத எளிய அமைப்புடைய நோய் எதிர்ப்பொருள் ஒன்று ஒட்டகக் குருதியில் இருப்பதை வெளியிட்டனர். இவ்வாறு அடிப்படையிலேயே வேறாகிய குருதியைப் பசுவின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பசுவின் குருதியில் நூறு மில்லிலிட்டருக்குச் சர்க்கரை ஏறத்தாழ 45 முதல் 75 மில்லிகிராம் வரை இருத்தல் இயல்பு. நலமுள்ள ஒட்டகத்திலோ அது 100 மில்லிகிராமையும் கடந்து நிற்கும். பசுவின் கோலால் அளப்பவன் நலமுள்ள ஒட்டகத்தை நீரிழிவு நோயுடையது என்பான். அது நகைப்பிற்கிடமான தவறே, தீங்கு பெரிதன்று. அதன் மறுதலையே அஞ்சத்தக்கது. உணவின்றி மெலிந்த நிறைசூற் பெட்டை ஒன்றின் சர்க்கரை 65க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பசுவின் பட்டியல், 'அஞ்சற்க, எல்லாம் இயல்பே' என்று சொல்லும். வயிற்றிலுள்ள கன்று பசியால் வாடும். தாளில் எழுதிய எண்ணோ நலம் என்று கூறும்.

மற்றொன்றும் காண்க. சூலுற்ற ஆடு உணவு போதாது வருந்தும்பொழுது, அதன் கொழுப்புக் கரைந்து கீட்டோன் என்னும் பொருள்கள் குருதியில் மிகும். கறவைப் பசுவுக்கும் இத்தகைய நோய் உண்டு. மருத்துவர் அவற்றை அளந்து ஆபத்தை முன்னறிவர். ஒட்டகத்தில் பட்டினிக் காலத்தும் கீட்டோன் அவ்வளவாக மிகுவதில்லை. ஆகவே ஆட்டினிடத்து உரக்க ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஒட்டகத்தினிடத்து ஒலியாது கிடக்கும். மணி ஒலிக்கவில்லை என்பதனால் தீப்பற்றவில்லை என்று துணிதல் அறிவுடைமையன்று. யூரியாவின் செய்தியும் இத்தகையதே. போடில் ஷ்மித்-நீல்சன், நூட் ஷ்மித்-நீல்சன் என்னும் அறிஞர்கள் 1950களில் சகாராப் பாலைநிலத்தில் ஒட்டகங்களை ஆராய்ந்து, புரதம் குறைந்த தீனியை உண்ணுங்கால் அவ்விலங்கு யூரியாவைச் சிறுநீரில் மிகுதியாகக் கழிக்காமல் உடலிலேயே நிறுத்திக்கொள்ளும் என்று காட்டினர். அங்ஙனம் நின்ற யூரியா வயிற்றை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் மீண்டும் புரதமாகப் பயன்படுகின்றது. இத்தகைய சிக்கனமுள்ள உடலின் கணக்கை வேறோர் உடலின் கணக்கேட்டிற் பதிந்தால் வரவும் செலவும் எவ்வாறு ஒத்துவரும்?

பசுவின் அளவுகோலை விலக்கினாற் போதாது. சூலில்லா ஒட்டகத்தின் அளவுகோலையும் விலக்கவேண்டும் என்றேன். இதனை விளக்க மானிடத் தாயரையே சான்றாகக் காட்டலாம். குருதிச் சோகையை அறிதற்கு, சூலில்லாப் பெண்டிர்க்கு நூறு மில்லிலிட்டரில் 12 கிராம் ஹீமோகுளோபின் எல்லை என்றும், கருவுற்றார்க்கு 11 கிராம் எல்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வேறுபடுத்தி வைத்துள்ளது. கருவுற்ற காலத்தில் குருதியின் நீர்ப்பகுதி பெருகுதலால் செம்பொருளின் செறிவு குறைவது இயற்கை. அதனை நோயென்று மயங்கலாகாது என்பதே காரணம். நம் அன்னையர்க்குத் தேவை என்று கண்ட இவ்வேறுபாடு ஒட்டகத் தாய்க்கு வேண்டாவோ?

வேண்டும் என்பதற்கு ஒரு நோயே சான்று பகரும். 1880ஆம் ஆண்டில் கிரிஃபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், இன்று பாகிஸ்தானத்தில் உள்ள தேரா இஸ்மாயில் கான் என்னும் ஊரில், சுர்ரா நோயால் வருந்திய குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் குருதியில் நீந்தித் திரியும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். கடிக்கும் ஈக்களால் பரவும் அந்நோய் இன்றும் ஒட்டகத்தின் பெரும்பகை. அது குருதிச் சோகையை உண்டாக்கும், சூலையும் சிதைக்கும். இப்பொழுது நிறைசூற் பெட்டை ஒன்றின் குருதி சற்றே வெளிறித் தோன்றுகின்றது என்க. அது சூலின் இயல்பா, சுர்ராவின் தொடக்கமா? சூலுக்குரிய எல்லை எதுவென அறியாதவன் இரண்டில் ஒரு பிழையைச் செய்தே தீருவான்: நோயைச் சூலென்று விட்டுவிடுவான், அன்றிச் சூலை நோயென்று எண்ணி வேண்டாத மருந்தை ஊட்டுவான்.

தமிழ் பயில்வோர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்றை இங்குக் கூறாதிருக்க இயலவில்லை. அகநானூற்றின் 245ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், பாலைநிலத்தில் உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கும் என்று பாடியுள்ளார். தழை தின்னும் விலங்கு எலும்பைத் தின்னுமோ என்று ஐயுறுவார் உளர். ஐயுற வேண்டுவதில்லை. 1920ஆம் ஆண்டை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தெய்லர் என்னும் அறிஞர், மாடுகள் எலும்பைக் கடித்துத் திரிவதன் காரணம் மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறைவே என்றும், அவ்வெலும்பிற் படிந்த நச்சுப்பொருளால் அவை மடிகின்றன என்றும் ஆராய்ந்து கூறினார். ஒட்டகமும் இவ்வாறே எலும்பைக் கடிப்பதை மேய்ப்போர் அறிவர். புலவர் கண்ட ஒட்டகம் எதனால் எலும்பை நாடியது என்று இன்று நாம் துணிந்து கூற இயலாது. எனினும் பாலை வழியின் கொடுமை கூற வந்த புலவரின் கண், விலங்கின் நடத்தையில் ஓர் உண்மையைப் பிழையாது பற்றியது என்பதில் ஐயமில்லை. தன் எலும்பைக் கரைத்துக் கன்றின் எலும்பை வளர்க்கும் நிறைசூற் பெட்டைக்கு அக்குறை மிகுதியாகத் தோன்றும் என்பது எளிதிற் பெறப்படும். ஆயினும் மாட்டினிடம் கண்டதைக் கொண்டு ஒட்டகத்திற்கு அளவு கூறின், யான் கடிந்த பிழையையே யானும் செய்தவனாவேன். அதன் பாஸ்பரசை அதன் குருதியிலேயே அளந்து காணுதல் வேண்டும்.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்துப் பேச்சு. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு இராஜஸ்தானத்தைக் காட்டுவேன். 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் நம் நாட்டு ஒட்டகங்கள் ஏறத்தாழ நான்கு லட்சம். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டரை லட்சம். ஏழாண்டில் நூற்றுக்கு முப்பத்தேழு குறைந்துவிட்டன. 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தனர். 2015இல் அதனைக் கொல்லுதலையும் வெளிமாநிலத்திற்குக் கொண்டுசெல்லுதலையும் தடுக்கும் சட்டம் இயற்றினர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் மேய்க்கும் ராய்க்கா மக்கள், விற்க வழியின்றி வளர்க்கவும் பொருளின்றி நலிகின்றனர். வண்டியும் உழவும் எந்திரத்தின் கைக்குப் போயின. மேய்ச்சல் நிலம் வேலியிடப்பட்டு வருகின்றது. இத்தகைய நாளில் பிறக்கும் ஒவ்வொரு கன்றும் பொன்னாகப் போற்றத்தக்கது. கன்றின் நலமோ, பிறப்பதற்கு முந்திய திங்களிற் தாயின் குருதியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். மேய்ச்சல் நிலம் இல்லாதவனுக்குக் குருதிப் பட்டியல் கொடுப்பது, பசித்தவனுக்கு உணவுக்கு மாறாக உணவின் இலக்கணம் கொடுப்பது போலாம் என்பது முதல் தடை. இதிற் பெரிதும் உண்மை உண்டு. மேய்ச்சலை மீட்காது குருதியை மட்டும் அளத்தல் வீண். ஆயினும் மேய்ச்சல் குறைந்ததன் தீங்கை மன்றத்தில் எடுத்துரைக்க மேய்ப்பனுக்குச் சான்று வேண்டுமன்றோ? அங்கு ஒட்டகங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திற் கூடிக் குளிர்காலத்திலேயே ஈனுகின்றன. கார்காலத்துப் பசுமை காய்ந்துவரும் காலமும் சூல் முற்றும் காலமும் ஒன்றாகின்றன. அப்பொழுது வன்னிமரத்தின் தழையும் புதரும் கிடைத்த மந்தையின் குருதியும், கிடைக்காத மந்தையின் குருதியும் அருகருகே வைக்கப்படின், வெட்டப்பட்ட மரத்தின் விலை இன்னதென்று எண்ணாற் கூறலாம். அவ்வகையில் குருதியே வழக்கில் சாட்சியாகின்றது.

மேய்ப்பனே எல்லாம் அறிவான், ஆய்வுக்கூடம் எதற்கு என்பது இரண்டாம் தடை. அவன் அறிவு பெரிது என்பதை மறுப்பார் யார்? ஆண் ஒட்டகம் அணுகுங்கால் பெட்டை வாலைத் தூக்கி நிமிர்த்துமாயின் அது சூல்கொண்டது என்பதை, கலந்த இரண்டொரு வாரத்திலேயே அவன் கண்டுகொள்கின்றான், எக்கருவியும் வேண்டுவதில்லை. ஆனால் கன்று பெலனின்றிப் பிறந்தது செம்புக் குறைவாலா, நோயாலா என்பதை எந்தக் கண்ணும் கண்டறிய இயலாது. சூல்கொண்ட நாளை மேய்ப்பன் சொல்ல, அந்நாளிலிருந்து எண்ணித் திங்கள்தோறும் குருதியை ஆய்வாளர் அளப்பாராயின், ஒருவர் அறிவு மற்றவர் அறிவை நிறைவு செய்யும். மேய்ப்பனின் நாட்கணக்கின்றி ஆய்வாளர் எழுதும் 'பிற்சூல்' என்னும் சொல்லுக்குத் திட்டமான பொருளே இல்லை.

ஆதலின் செய்யத்தக்கன இவை என்பது என் கருத்து. ஒட்டகக் குருதிக்கெனவே பெர்னார் ஃபாய், முகமது பெங்கூமி என்போர் எழுதிய தனிநூல் 2018இல் வெளிவந்துள்ளது. பிக்கானீரில் ஒட்டக ஆராய்ச்சிக்கென மத்திய அரசின் நிலையம் 1984 முதல் இருக்கின்றது. ஆகவே அடித்தளம் இல்லை என்று கூற இயலாது. அதன்மேல் எழுப்பவேண்டியது, சூலின் திங்கள்தோறும் வகுத்த அளவைப் பட்டியல். சூலொட்டகத்தைப் பற்றிப் பல நாடுகளிற் செய்த ஆராய்ச்சிகள் சில பொருள்களில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இனமும் தீனியும் பருவமும் வேறுபடுவதை நோக்கின் இது வியப்பன்று. கச்சுப் பகுதியிற் கடலில் நீந்திச் சென்று உப்பு நிறைந்த அலையாத்தித் தழையை மேயும் கராய் ஒட்டகத்திற்கும், பிக்கானீர் மணலில் முட்புதர் மேயும் ஒட்டகத்திற்கும் ஒரே பட்டியல் எங்ஙனம் பொருந்தும்? இனந்தோறும் நிலந்தோறும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். துரத்திப் பிடித்துக் கட்டிய விலங்கு அச்சத்தால் சர்க்கரையை உயர்த்திக் காட்டும். எடுத்த குருதியை வெயிலில் நெடுநேரம் வைப்பின், அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்று தாழ்த்திக் காட்டும். விலங்கைப் பழகிய மேய்ப்பன் கையாற் பிடித்து அமைதியாக எடுத்து, உடனே குளிர்வித்துப் பிரித்தாலன்றி, அங்கே அளக்கப்படுவது ஒட்டகமன்று, நம் அவசரமே. முடிவாக, கண்ட உண்மை ஆங்கிலத் தாளோடு நின்றுவிடாமல், மேய்ப்பன் பேசும் மொழியில், அவன் கொள்ளத்தக்க அறிவுரையாக அவனிடம் திரும்புதல் வேண்டும்: இத்திங்களில் உப்பும் எலும்புச் சத்தும் சேர்த்துக் கொடு, இத்திங்களில் நெடுவழி நடத்தாதே, சீம்பாலைக் கொட்டாதே என்று. தன் மந்தையின் குருதியைக் கொடுத்தவனுக்கு அதன் பொருளைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று.

நம் கல்லூரியில் விலங்கியலும் வேதியியலும் பயிலும் நண்பர்களுள் சிலர் நாளை ஆராய்ச்சிக்கூடம் புகுவர். சிலர் கால்நடை மருத்துவராயும் வருவர். தமிழ் மாணவனாகிய யான் அவர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. கையில் உள்ள பட்டியல் யாரை அளந்து எழுதப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பெட்டையைப் பிடி என்றால் தேர்வில் நமக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவே. பெட்டையின் குருதியைப் பசுவின் குருதியாகப் படித்தாலோ, ஓர் ஏழை மேய்ப்பன் இரண்டாண்டு காத்திருந்த கன்று போய்விடும்.